தானா நின்னுச்சா?

டம்ளர் உடைந்துவிட்டது என்று அந்த ஆள் முன்னால் சொல்லிவிட முடியாது. "தானா உடைஞ்சிச்சா, யார்னா உடைச்சாங்களா?" என்று கேட்பார். தரையில் டீ ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடித் துண்டு செருப்பில் ஏறியிருக்கும். துடைப்பம் எடுக்க ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பாள். பதில் வரும்வரை இவர் நகரமாட்டார். "கை தவறிடுச்சு சார்" என்று சொன்னாலும் விடமாட்டார். "கை எப்படிம்மா தானா தவறும்? யார் கை?"

எங்கள் ஆபீசில் அவருக்குத் தானா சார் என்று பெயர். நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் ஏதாவது கேள்வி கேட்பார்.

மாமல்லபுரத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டி, கற்சிலை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. முன்னால் ஆபீஸ், பின்னால் பட்டறை. காலையில் ஆரம்பிக்கிற உளிச் சத்தம் சாயங்காலம்தான் ஓயும். வருகிற மெயிலைப் படிப்பது, பதில் போடுவது, கல்லில் என்ன செதுக்க வேண்டும் என்று வரைந்து பட்டறைக்குக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. எனக்குச் செய்யூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, மணிலாக்கொட்டை பிடுங்கியவர்கள். எங்கள் குடும்பத்தில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த மேசை எப்போது பறிபோகுமோ என்கிற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வாய் கொஞ்சம் நீளம். யாராவது ஒன்று சொல்வதற்குள் நான் இரண்டு சொல்லிவிடுவேன்.

அந்த ஆளிடம் மட்டும் என் வாய் செல்லுபடியாகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் எல்லோரும் வைக்கிறார்களே என்று முதலாளி ஒரு மெயில் சர்வர் வைத்தார். பாலிஷ் தாளும் வைக்கோலும் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஏ.சி. மாட்டி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதற்குத்தான் சர்வர் என்று பெயர். அது வேலை செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. எங்களுக்கு வருகிற மெயில் எல்லாம் முதலில் சென்னையில் இன்டர்நெட் கம்பெனிக்காரனின் பெட்டியில் போய்ச் சேரும். எங்கள் சர்வர் அரை மணிக்கு ஒருதரம் டெலிபோன் லைனில் டயல் செய்து, அங்கே இருப்பதை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, இங்கே அவரவர் பெட்டியில் போடும். இழுத்து முடித்ததும் சென்னையில் இருப்பதை அழித்துவிடும். அது பாட்டுக்கு நடக்கிற வேலை. நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது, சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. மெயில் வராது, அவ்வளவுதான். இன்றைக்கு மெயில் இல்லை என்று எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஆபீசில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். சர்வர் டயல் செய்தால் யாரும் பேச முடியாது. வெளியிலிருந்து கூப்பிட்டால் எங்கேஜ்டு.

அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆள்தான் தானா சார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மொபெட்டில் வருவார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். சட்டைப் பையில் சின்ன டார்ச் லைட்டும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். பிரஷ் கம்ப்யூட்டருக்குள் உப்புக் காற்று படிய வைக்கிற அழுக்கைத் தேய்ப்பதற்கு. முதல் நாள் நான் அது தெரியாமல், "ஏன் சார், வூட்ல தண்ணி வரலியா?" என்று கேட்டுவிட்டேன். "வரும். இது மெஷினுக்கு" என்றார். சிரிக்கவில்லை. நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். நின்றுகொண்டே இரண்டு விரலால் தட்டுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். அதைப் படிக்கும்போது மட்டும் வாய் லேசாகத் திறந்திருக்கும்.

வந்ததும் முதல் கேள்வி அதுதான். நாம் போனில் அரை மணி நேரம் விளக்கியிருப்போம். அவர் அவ்வளவு தூரம் வெயிலில் வந்திருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்.

"தானா நின்னுச்சா, யார்னா நிறுத்துனாங்களா?"

"நின்னுடுச்சு சார். வந்து ஓட வைங்க சார் முதல்ல."

"அது ஒரு செகண்டு வேலம்மா. எதுக்கு நின்னுச்சு?"

"அது தெரிஞ்சா உங்கள எதுக்குக் கூப்பிடப் போறோம்?"

"தொட்டது யாரு?"

யாரும் தொட்டிருக்க மாட்டோம். எங்கள் ஆபீசில் பதினான்கு பேர் வேலை செய்தோம். ஒருத்தரும் எதையும் எப்போதும் தொட்டதில்லை. எல்லாம் தானாக நின்றது, தானாகக் கழன்றது, தானாக அணைந்தது. அவர் ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்ப்பார். அப்புறம் சர்வர் அறைக்குள் போய்ப் பிளக் பிடுங்கிக் கிடப்பதையும், அந்த இடத்தில் யாரோ செல்போன் சார்ஜர் மாட்டியிருப்பதையும் பார்த்துவிட்டு வந்து, "பிளக் தானா வெளிய வந்து சார்ஜருக்கு வழி வுட்டுகினு நிக்குது" என்பார். குரல் உயராது. அதுதான் எனக்கு இன்னும் எரியும். நாலு கத்து கத்தினால் பதிலுக்குக் கத்தலாம்.

இந்தத் தொல்லைக்காக ஒரு நோட்டு வேறு வைத்தார். சர்வர் மேசைக் காலில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். யார் மெஷினைத் தொட்டாலும் எதற்குத் தொட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் அதில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. 'தூசி தட்டினேன்.' 'வயர் மாற்றினேன்.' 'தெரியாமல் இரண்டு முறை நிறுத்தினேன்.' அவரே அவரைப் பற்றி எழுதிக்கொள்வார். ஒருநாள் முதலாளி ஏ.சி. அணைக்கப் போய் சர்வரையே அணைத்துவிட்டார். மனிதர் நல்லவர், நோட்டைத் தேடி எடுத்து, 'கை பட்டுவிட்டது' என்று எழுதினார். மறுநாள் தானா சார் அதன் கீழே, 'யார் கை?' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். முதலாளியிடம்! மாதா மாதம் கூப்பிட்டு வேலை கொடுக்கிறவரிடம்! நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கிழித்தால் அதற்கும் கேட்பாரே என்று விட்டுவிட்டேன்.

ஒருதரம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாட்டினேன். ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன், கூவத்தூர் போகிற பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. ஓடினேன். நிற்கவில்லை. மூச்சு வாங்க நிற்கும்போது பார்த்தால், பூக்கடை ஓரம் மொபெட்டைச் சாய்த்துக்கொண்டு இவர்.

"இன்னாம்மா?"

"பஸ் போயிடுச்சு சார்."

"பஸ் போச்சா, நீ லேட்டா வந்தியா?"

கையில் தாம்பூலப் பை இருந்தது. உள்ளே தேங்காய் இருந்தது. அதை எடுத்து அந்த ஹெல்மெட் மேல் உடைத்திருக்க வேண்டும். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அந்த ஒரு மணி நேரமும் கூடவே நின்றார். வீட்டுக்குப் போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

கதை என்றுகூடச் சொல்ல முடியாது. நான்தான், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வியாதி?" என்று கேட்டேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனி. அங்கேயும் இதே மாதிரி மெயில் இழுக்கிற வேலை நின்றுபோயிருக்கிறது. இவர் போனார். ஏன் நின்றது என்று பார்க்கவில்லை.

"ஓட வெச்சேன். ஓடிச்சு. இருந்ததெல்லாம் அழிச்சுகினே ஓடிச்சு."

அங்கே சர்வரில் இடம் காலியில்லை. அதனால்தான் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவர் ஓட வைத்ததும், அது சென்னையிலிருந்து ஒவ்வொரு மெயிலாக இழுத்து, அங்கே அழித்து, இங்கே போட இடமில்லாமல் கீழே கொட்டியிருக்கிறது. ஒன்றும் மிஞ்சவில்லை.

"அப்புறம்?"

"அழிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அழிச்சேன்னு சொல்லல. அங்க டைப்பிஸ்ட் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. பழி அதும் மேல போச்சு."

"வேல போச்சா?"

"போச்சு."

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே. "தானா போச்சா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டம்ளரைக் கடையில் வைத்துவிட்டு வந்து, "இல்ல" என்றார். பஸ் வந்துவிட்டது.

இனி நான் நிறுத்திய கதையைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் ஒரு குடும்பம். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளைக்குள் கல்லறைமேல் வைக்க, கறுப்புக் கல்லில் பெயர் செதுக்கிய பலகை கேட்டிருந்தார்கள். முதலில் முதலாளியிடம் போனில் பேசியிருக்கிறார்கள். முதலாளி பெயரைக் காதால் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தார்: மார்த்தா. எங்கள் சின்னம்மா பெயரும் மார்த்தாதான். எங்கள் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் இங்கிலீஷில் அதற்கு டி பக்கத்தில் ஒரு எச் உண்டு. நமக்கு 'த' என்றாலே டி, எச்தானே. லதா, சாந்தா, கீதா எல்லாருக்கும் அப்படித்தான். நானும் யோசிக்காமல் எச் போட்டு வரைந்து, சரியா என்று பார்க்கச் சொல்லி அவர்களுக்கு மெயிலில் அனுப்பினேன். அக்காவிடம் காட்டிவிட்டு இரண்டு நாளில் பதில் போடுகிறோம் என்று மகன் எழுதியிருந்தான்.

புதன்கிழமை எங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். செங்கல்பட்டில். தம்பி பக்கத்தில் இருந்தான். முடிந்ததும் பூத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். ஆபீசில் சொந்த விஷயம் போனில் பேசக் கூடாது என்பது சட்டம். முதலாளி சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஆனால் சரியாக அந்த நேரத்தில் சர்வர் டயல் செய்யும். யாராவது போட்டோ அனுப்பியிருந்தால் முக்கால் மணி நேரம் லைனை விடாது. தம்பி இரண்டு தரம் போட்டுப் பார்ப்பான், எங்கேஜ்டு என்றால் போய்விடுவான்.

தானா சார் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த ஒரு வரி மனப்பாடம். உள்ளே போனேன். மெயில் இழுக்கிற வேலையை நிறுத்தினேன். தம்பி கூப்பிட்டான். "அம்மா நல்லா கீது. கட்டுப் போட்டுகினு இட்லி கேக்குது" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஓட வைக்க வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோனது.

மறந்துபோனது என்று எழுதுகிறேன் பாருங்கள். மறந்தேன்.

வியாழக்கிழமை மெயில் இல்லை. எல்லோரும் ஜாலியாக இருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி கத்திக்கொண்டே வந்தார். அன்று சாயங்காலம் லாரி துறைமுகத்துக்குப் போக வேண்டும், கல்லில் இன்னும் பெயர் செதுக்கவில்லை, பதில் எங்கே? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் அவர் தானா சாருக்குப் போன் போட்டுவிட்டார். அந்த ஆள் போனிலேயே, யாரும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி சர்வர் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டால் அவர்கள் ஊரில் எல்லாரும் தூங்குகிற நேரம். ஆன்சரிங் மெஷின்தான் பேசியது.

பத்தரைக்கு மொபெட் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். முதலாளி நிற்கிறார், நான் நிற்கிறேன்.

"தானா நின்னுச்சா, யார்னா நிறுத்துனாங்களா?"

"தானா நின்னுச்சு சார்" என்றேன் நான். முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து முதலாளியிடம், "டைம் எடுக்கும் சார். எதுக்கு நின்னுச்சுன்னு தெரியாம ஓட வுட மாட்டேன்" என்றார்.

"யோவ், லாரி நிக்குதுயா."

"ஓட வுட்டு எல்லாம் அழிஞ்சா லாரிய வெச்சுகினு இன்னா சார் பண்ணுவீங்க?"

முதலாளி பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "இருக்கிற பேரையே அடிப்பா. பதில் வரலன்னா சரின்னுதான் அர்த்தம்."

செதுக்குகிறவர் நல்ல கைக்காரர். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். ஒரு எழுத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் மேசையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்கும், ஊதுகிற சத்தம் வரும், அப்புறம் அடுத்த எழுத்து. எம் முடிந்தது. ஏ முடிந்தது. கல்லில் விழுந்தால் விழுந்ததுதான். காகிதமாக இருந்தால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். யாரோ ஒரு அம்மாவின் கல்லறையில் தப்பான பெயர் நிற்கும். அதை எழுதிக் கொடுத்தவள் நான். திருத்தம் வந்திருந்தால் அதை வரவிடாமல் செய்தவளும் நான். இது தெரிந்தால் மேசை போய்விடும்.

நடுவில் டீ கொடுக்கிற சாக்கில் சர்வர் அறைக்குப் போனேன். அவர் ஒவ்வொருத்தர் பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை.

"இன்னும் எத்தினி நேரம் சார்?"

"பதினாலு பெட்டி கீது. நாலு பார்த்துட்டேன்." திரையைக் காட்டினார். "மெஷினும் ஒரு நோட்டு எழுதும்மா, தெரியுமா? நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன்னு எழுதிட்டுத்தான் நிக்கும். தானா செத்தது எதுவும் எழுதி வெச்சுட்டுப் போவாது."

"எழுதியிருக்கா?"

"புதன்கெழம. மத்தியானம் ஒண்ணு பத்து."

"அப்புறம் இன்னா சார் தேடுறீங்க?"

"நிறுத்துனாங்கன்னு எழுதியிருக்கு. எதுக்குன்னு எழுதல. மெஷின்ல எதனா கோளாறு பார்த்து நிறுத்தியிருந்தாங்கன்னா? எதுக்குன்னு சொன்னா இப்பவே ஓட வுடுவேன்." என் பக்கம் திரும்பி, "தானா நின்னுச்சுன்னு சொன்னியே" என்றார்.

"ஆமா சார். தானாதான்."

இரண்டாவது தரமும் சொன்னேன். டீயை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆர் முடிந்துவிட்டது. செதுக்குகிறவர் சாப்பிட்டுவிட்டு வந்து டியை ஆரம்பித்தார். டி சீக்கிரம் முடிகிற எழுத்து. இரண்டே கோடு. இரண்டாவது கோட்டுக்கு உளி இறங்குகிற சத்தம் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. ஓடிப்போய்ச் சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

"நான்தான் நிறுத்துனேன் சார். எங்கம்மாவுக்கு ஆபரேஷன். தம்பி போன் பண்றேன்னான். லைன் வேணும்னு நிறுத்துனேன். மெஷின்ல ஒண்ணுமில்ல. போதுமா?"

"அம்மா எப்படிக் கீறாங்க?"

"யோவ், ஓட வைய்யா முதல்ல!"

அந்த ஆளை நான் யோவ் என்று சொன்னது அந்த ஒரு தரம்தான். அவர் திரும்பினார், இரண்டு விரலால் தட்டினார். மோடம் கீச்சென்று கத்தியது. ஒரு செகண்டு வேலைதான்.

மெயில் ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு நாள் மெயில். எவனோ ஜெர்மனியிலிருந்து தோட்டத்துப் போட்டோ இருபது அனுப்பியிருந்தான். நான் பட்டறைக்கு ஓடினேன். "அண்ணா, கொஞ்சம் நிறுத்துண்ணா."

"முதலாளி சொன்னாரா தங்கச்சி?"

"நான் சொல்றேன்ல!"

"நீ சொன்னா? அவரு வந்து அப்பறம் என்னிய இல்ல கேப்பாரு."

உளியை வைக்கவில்லை. எச்சின் முதல் கால் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளியைக் கூப்பிட ஓடினேன், அவர் லாரிக்காரனோடு வாசலில் நின்றார், விஷயத்தைச் சொல்லி இழுத்துக்கொண்டு வருவதற்குள் தானா சார் ஒரு காகிதத்தோடு எதிரே வந்தார். மகனின் மெயில். வியாழக்கிழமையே அனுப்பியிருக்கிறான். அம்மா பெயரில் எச் கிடையாது, தயவுசெய்து கவனிக்கவும் என்று. அதற்குக் கீழே, அம்மாவுக்கு அந்த எச் பிடிக்காது, வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் திருத்திக்கொண்டே இருந்தாள் என்று எழுதியிருந்தான்.

எச்சின் ஒரு கால் கல்லில் முழுசாக இறங்கியிருந்தது.

முதலாளி அதைப் பார்த்தார். "எழுத்து தப்பா வந்துடுச்சே" என்று தலையில் கை வைத்தார்.

"தானா வந்துச்சா சார்?"

கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில்! முதலாளி திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்ததும், இந்த ஆளுக்கு இங்கே இனி ரொம்ப நாள் வேலை இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

"நான் போட்ட எச் சார்" என்றேன். "நீங்க தமிழ்ல குடுத்தீங்க. நான் இங்கிலீஷ்ல எச் போட்டேன்."

"மெயில் எதுக்குயா நின்னுச்சு?" முதலாளி என்னை விட்டு அவரைக் கேட்டார்.

தானா சார் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தானா. வேறு எந்த மனிதனும் அதைச் சொல்லியிருப்பான். "நிறுத்தியிருந்தாங்க சார். நோட்டுல எழுதுவாங்க" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை. பேனாவை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எழுதினேன். 'எங்கம்மா ஆபரேஷனுக்குப் போன் வர வேண்டும் என்று புதன்கிழமை நான் நிறுத்தினேன். திரும்ப ஓட வைக்க மறந்தேன். ஸ்டெல்லா.' முதலாளி படித்தார். மேசை போகவில்லை. மூன்று நாள் திட்டினார், டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டார். கல்லின் முகத்தை முழுவதும் ஒரு நூல் அளவுக்குத் தேய்த்து இறக்கி, பாலிஷ் போட்டு, பெயரை முதலிலிருந்து வெட்டினார்கள். செதுக்குகிறவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. லாரி மறுநாள் போனது. கல் நினைவு நாளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று மகன் மெயில் போட்டான்.

இரண்டு மூன்று வருடம் கழித்து பிராட்பேண்டு வந்தது. முதலாளி சென்னையிலிருந்து வேறு கம்பெனிக்காரர்களைக் கூட்டிவந்தார். அதில் ஒரு இன்ஜினியர் பழைய சர்வரைக் கழற்றும்போது நோட்டைப் புரட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் அந்த வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். அவன், "எதுக்கு மேடம் காத்திருந்தாரு? சென்னையில அழிக்காமயே எடுக்கலாமே. கமாண்டுல ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும். இது தெரியாம இருக்காதே" என்றான்.

எனக்கு மண்டையில் ஏறியது. தெரியாமல் இருக்காது. டார்ச் லைட்டும் பிரஷ்ஷுமாக அந்த மெஷினின் குடலை மாதா மாதம் பார்த்த ஆளுக்கு அது தெரியாமல் இருக்காது. பத்தரைக்கே எடுத்திருக்கலாம். கல்லில் ஒரு கீறல் விழுந்திருக்காது.

அந்த வாரம்தான் அவருக்கு வேலை முடிந்தது என்று கடிதம் அடிக்கச் சொன்னார் முதலாளி. ஆத்திரத்தோடு அடித்தேன். 'தங்கள் சேவை இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது.' நான்கு நாளில் அதே கடிதம் தபாலில் திரும்பி வந்தது. கடைசி வார்த்தைக்கு அடியில் பேனாக் கோடு. பக்கத்தில், 'யாரால்?'

நான் உடனே மெயில் போட்டேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. 'நாங்கள்தான் நிறுத்துகிறோம். நான்தான் டைப் அடித்தேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்குச் சென்னையில் அழிக்காமல் எடுக்க வழி இருந்ததாம். தெரியாம வுட்டீங்களா, தெரிஞ்சே நிறுத்தி வெச்சீங்களா?'

பதில் மறுநாள் வந்தது. 'தெரியும். நீ சொல்லணும்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். கல்லு கெட்டதுல பாதி என்னுது. அம்மா கண்ணு எப்படிக் கீது?'

ஒரு சாக்கு சொல்லியிருந்தால் நாலு வரி திட்டியிருப்பேன். திட்டுவதற்கு ஒரு இடம்கூட விடாமல் எழுதியிருந்தார் அந்த ஆள். 'நல்லா கீது' என்று மட்டும் எழுதினேன். இன்றைக்கும் அந்த எச் எழுத்தை நினைத்தால் எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மெயிலைக் காட்டலாம் என்றால் இப்போது என்னிடம் இல்லை. கம்ப்யூட்டர் மாற்றும்போது அழிந்துபோய்விட்டது.

இல்லை. அது தானாக அழியவில்லை. எடுத்து வைத்திருக்கலாம், நான்தான் எடுத்து வைக்காமல் விட்டேன்.